லேப்டாப் போனால் போட்டோவும் போச்சா? சில நூறு ரூபாய் ‘கேஸிங்’ எப்படிக் கைகொடுக்கும்?

ஒரு நாள் காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தாச்சு. பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பார்த்தாச்சு. ஒன்றும் நடக்கவில்லை. சர்வீஸ் கடையில் கொடுத்தால், “மதர்போர்டு போயிருச்சு சார். மாத்தணும்னா புது லேப்டாப் விலையில பாதி ஆகும். உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த கதை இது. அந்த லேப்டாப்பில்தான் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவ் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது. அப்பா இப்போது இல்லை. “அந்தப் போட்டோ எல்லாம் அவ்ளோதானாப்பா?” என்று அம்மா இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

போட்டோக்கள் திரும்பக் கிடைத்தன. செலவானது சில நூறு ரூபாய். ஆனால், நடுவில் ஒரே ஒரு பட்டனைத் தவறாக அழுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதனால்தான் இந்த விளக்கம்.

கேஸிங் என்றால் என்ன?

லேப்டாப் செத்துப்போவதும், அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் செத்துப்போவதும் ஒன்றல்ல. மதர்போர்டு, டிஸ்ப்ளே, சார்ஜிங் ஜாக் என எது பழுதானாலும் லேப்டாப் ஓடாது. ஆனால், நம்முடைய ஃபைல்கள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டி-யில். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலச் செருக உதவும் சின்னப் பெட்டிதான் என்க்ளோஷர். கடைகளில் ‘கேஸிங்’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஹார்டு டிஸ்க் பேசும் மொழியை யுஎஸ்பி மொழிக்கு மாற்றும் ஒரு சிறிய சர்க்யூட், அதைச் சுற்றி பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ஓடு. அவ்வளவுதான்.

லேப்டாப் கெட்டால்தான் இது தேவை என்றில்லை. லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி போட்ட பிறகு சும்மா கிடக்கும் பழைய டிஸ்க்கை எக்ஸ்டர்னல் டிரைவாக மாற்றலாம். அதேநேரம், கையில் பழைய டிஸ்க் எதுவும் இல்லை, புதிதாக எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்தான் வேண்டும் என்றால், கேஸிங் தனி, டிஸ்க் தனி என்று அலைய வேண்டாம். ரெடிமேடாக வாங்குவதே பெரும்பாலும் லாபம். மொத்தத்துக்கும் ஒரே வாரண்டி இருக்கும்.

கடைக்குப் போகும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

பலரும் செய்யும் முதல் தவறு, கேஸிங்கை ஆர்டர் செய்துவிட்டு அப்புறம் லேப்டாப்பைத் திறப்பது. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் கேஸிங் வாங்க வேண்டும். பொதுவாக மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, 2.5 அங்குல சாட்டா. பழைய லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கிட்டத்தட்ட சீட்டுக்கட்டு அளவு. சுழலும் ஹார்டு டிஸ்க்காகவும் இருக்கலாம், எஸ்எஸ்டி-யாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே கேஸிங் போதும். தடிமனை மட்டும் கவனியுங்கள். லேப்டாப் டிஸ்க்குகள் பொதுவாக 7 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. இருக்கும். 7 மி.மீ. மட்டுமே கொள்ளும் கேஸிங்கில் 9.5 மி.மீ. டிஸ்க் நுழையாது.

இரண்டாவது, 3.5 அங்குல சாட்டா. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களிலும், சிசிடிவி ரெக்கார்டர் பெட்டிகளிலும் இருக்கும் கனமான டிஸ்க். இது ஓடுவதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். யுஎஸ்பி கேபிள் வழக்கமாகக் கொடுப்பது 5 வோல்ட்தான். எனவே, தனி பவர் அடாப்டருடன் வரும் கேஸிங்கைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, எம்.2. கடந்த சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் இருக்கும், சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய எஸ்எஸ்டி. குழப்பம் வருவது இங்கேதான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், இதில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம். ஒன்றுக்கான கேஸிங்கில் இன்னொன்று வேலை செய்யாது. எஸ்எஸ்டி-யின் தங்க நிற முனையைப் பாருங்கள். ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. உறுதியாகத் தெரிய, ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். சந்தேகமாகவே இருந்தால், இரண்டையும் ஏற்கும் கேஸிங்குகளும் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்.

எம்.2-வில் நீளமும் முக்கியம். 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். 2242, 2230 என்ற குட்டை அளவுகளும் உண்டு. உங்கள் அளவு கேஸிங்கின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒரு நிலைமையும் உண்டு. அண்மைக்கால ஆப்பிள் மேக்புக்குகளிலும், விலை குறைந்த சில மெல்லிய லேப்டாப்களிலும் ஸ்டோரேஜ் சிப் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கழற்ற முடியாது, கேஸிங் உதவாது. அதேபோல, ரெடிமேடாக வாங்கிய சில எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குகளில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கும். அதை உடைத்து எடுத்தாலும் வேறு கேஸிங்கில் பொருத்த முடியாது.

வேகம்: எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்

கேஸிங் அட்டைப்பெட்டிகளில் இருக்கும் யுஎஸ்பி எண்கள் தலையைச் சுற்ற வைக்கும். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர்கள் இருந்தாலும், மூன்றும் ஒன்றுதான்: 5 ஜிபிபிஎஸ். எனவே, பெயரை விட்டுவிட்டு ஜிபிபிஎஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு 5 ஜிபிபிஎஸ் தாராளம். பழைய லேப்டாப் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும். அதற்கு 10 ஜிபிபிஎஸ் கேஸிங் வாங்குவது வீண் செலவு. சாட்டா எஸ்எஸ்டி-க்கும் 5 ஜிபிபிஎஸ் கேஸிங் போதும். விநாடிக்கு 400 எம்பி-க்கு மேல் கிடைக்கும். என்விஎம்இ என்றால் 10 ஜிபிபிஎஸ் வாங்குங்கள். விநாடிக்குச் சுமார் 1,000 எம்பி வரை போகும். ‘யுஏஎஸ்பி’ வசதி உண்டு என்று எழுதியிருந்தால் நல்லது. எஸ்எஸ்டி-யில் சின்னச் சின்ன ஃபைல்களைக் காப்பி செய்யும்போது அதன் பலன் தெரியும்.

தவிர்க்க வேண்டியது, இன்னும் விற்பனையில் இருக்கும் யுஎஸ்பி 2.0 கேஸிங். நூறு, நூற்றைம்பது ரூபாய் மிச்சமாகும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் விநாடிக்கு 35 எம்பி போனால் பெரிய விஷயம். 500 ஜிபி காப்பி செய்ய கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். அதே டிஸ்க் யுஎஸ்பி 3.0 கேஸிங்கில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

கேபிளும் வேகத்தைத் தீர்மானிக்கும். செல்போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே ஆனவை. புது கேஸிங் வாங்கியும் ஆமை வேகம் என்றால், முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டியுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

என்விஎம்இ எஸ்எஸ்டி நன்றாகவே சூடாகும். அதற்கு அலுமினிய ஓடும், உள்ளே ஒட்டும் தெர்மல் பேடும் உள்ள கேஸிங்தான் சரி. கேஸிங் சூடானால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே வருகிறது என்று அர்த்தம். பெரிய டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பழைய மாடல் கேஸிங்குகள் சில 2 டிபி-க்கு மேல் உள்ள டிஸ்க்கைச் சரியாக அடையாளம் காணாது. எத்தனை டிபி வரை தாங்கும் என்பது பெட்டியிலேயே இருக்கும்.

நேரில் பார்த்து வாங்க நினைக்கும் சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. டிஸ்க்கையே கையில் கொண்டுபோங்கள். “இது உள்ளே உட்காருமா?” என்று அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

மாட்டுவது எப்படி?

ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் துண்டால் மூடியை மெதுவாக நெம்புங்கள். சில ஸ்க்ரூக்கள் ரப்பர் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல், எங்கே ஸ்க்ரூ மிச்சம் என்று தேடுங்கள். உங்கள் மாடல் பெயரைப் போட்டு யூடியூபில் தேடினால் யாராவது ஒருவர் கழற்றிக் காட்டியிருப்பார்.

மூடி திறந்ததும், முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

2.5 அங்குல டிஸ்க்கை அதைப் பிடித்திருக்கும் சட்டத்திலிருந்து பிரித்து, கேஸிங்கின் சாக்கெட்டில் நேராகத் தள்ளினால் போதும். ‘எல்’ வடிவக் கனெக்டர் என்பதால் தலைகீழாகப் போகாது. எம்.2 எஸ்எஸ்டி-யைச் சற்றே சாய்வாகச் செருகி, பிறகு படுக்கவைத்து, முனையில் ஸ்க்ரூ அல்லது ரப்பர் பூட்டைப் போட வேண்டும்.

3.5 அங்குல கேஸிங் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதனுடன் வரும் அடாப்டர் 12 வோல்ட். லேப்டாப் சார்ஜர்கள் பல 19 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டின் முனையும் உருண்டையாக, பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். மேசைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, லேப்டாப் சார்ஜரை கேஸிங்கில் செருகிவிட்டால் டிஸ்க்கின் போர்டு கருகிப்போக வாய்ப்பு உண்டு. அடாப்டரின் மேல் ‘டிஸ்க்’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

செருகியதும் வரும் அந்தக் கேள்வி

இப்போது அந்த ஒரு பட்டனுக்கு வருவோம். அப்பாவின் போட்டோக்கள் இருந்த டிஸ்க்கை கேஸிங்கில் போட்டு, பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்க யுஎஸ்பி-யில் செருகினேன். டிக், டிக் என்று சத்தம். பிறகு விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? மவுஸ் ‘ஃபார்மேட் டிஸ்க்’ பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்றது. கம்ப்யூட்டர் கேட்டால் ‘ஓகே’ சொல்லியே பழகிவிட்ட கை நம்முடையது.

‘கேன்சல்’ கொடுத்தேன். டெஸ்க்டாப்பின் பின்பக்க யுஎஸ்பி-க்கு மாற்றிச் செருகினேன். சத்தம் நின்றது. டிரைவ் தெரிந்தது. முன்பக்க போர்ட் கொடுத்த மின்சாரம் அந்த டிஸ்க்குக்குப் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

எனவே, விதி இது: ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் ‘ஃபார்மேட்’ செய்யச் சொன்னாலும், ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொன்னாலும், மேக் கம்ப்யூட்டர் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டாலும், பதில் ஒன்றுதான். வேண்டாம். அந்தப் பெட்டி ‘டிஸ்க் காலி’ என்று சொல்லவில்லை. ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்றுதான் சொல்கிறது. மின்சாரம் போதாமல் இருக்கலாம், கேபிள் சரியில்லாமல் இருக்கலாம், லினக்ஸ் போட்ட டிஸ்க்காக இருக்கலாம். வேறு கேஸிங்கில் ஃபார்மேட் செய்த பெரிய டிஸ்க்காக இருந்தாலும் இப்படி ஆகும். சில கேஸிங்குகள் டிஸ்க்கின் பகுதிகளைத் தங்கள் பாணியில் கணக்கிட்டுக் காட்டுவதால், இடம் மாறினால் காலியானது போலத் தெரியும். போர்ட், கேபிள், கேஸிங், கம்ப்யூட்டர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

டிரைவ் தெரிந்துவிட்டால், ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் பழைய பயனர் பெயர் இருக்கும். அதற்குள்தான் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம். ‘அனுமதி இல்லை’ என்று விண்டோஸ் சொன்னால், ‘கன்டினியூ’ கொடுத்துக் கொஞ்சம் காத்திருங்கள். வேறு பயனரின் ஃபோல்டர் என்பதால் கேட்கிறது.

அண்மைக்கால விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்னொரு பூட்டும் இருக்கலாம். டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருக்கும். பல லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே இது நடந்திருக்கும். அப்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும். கீ இல்லையென்றால் எந்தக் கேஸிங்காலும் திறக்க முடியாது. இதைப் படிக்கும்போது உங்கள் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்றே அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

புது டிஸ்க் என்றால்?

புத்தம் புது டிஸ்க்கைக் கேஸிங்கில் போட்டுச் செருகினால் விண்டோஸில் எதுவுமே தெரியாது. “டூப்ளிகேட் சரக்கு குடுத்துட்டான்” என்று பலரும் பதறுவது இங்கேதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போங்கள். அங்கே ‘இனிஷியலைஸ்’ கேட்கும். காலி டிஸ்க் என்பதால் இப்போது தாராளமாகக் கொடுக்கலாம். எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டில் ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் 2 டிபி-க்கு மேல் போகாது. பிறகு கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்தால் டிரைவ் தயார். மேக்கில் இதே வேலைக்கு ‘டிஸ்க் யூட்டிலிட்டி’. எதை அழுத்துவதற்கு முன்பும் டிஸ்க்கின் ஜிபி அளவைப் பார்த்து, இது நம் புது டிஸ்க்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த ஃபார்மேட்? விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ். விண்டோஸ், மேக், செல்போன் என எல்லாவற்றிலும் செருகுவதென்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும். ஆனால், அதில் எழுத முடியாது. ஃபேட்32-ல் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது என்பதால், வீடியோ வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆண்ட்ராய்டு போனிலும் டைப்-சி ஐபோனிலும் கேஸிங்கை நேரடியாகச் செருகலாம். எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் ஓடும். சுழலும் டிஸ்க்குக்கு போன் கொடுக்கும் மின்சாரம் போதாமல் போகலாம். பவர் உள்ள யுஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் அந்தப் பிரச்சினை தீரும்.

எப்போது கையை எடுக்க வேண்டும்?

போர்ட்டையும் கேபிளையும் மாற்றிய பிறகும் டிஸ்க்கிலிருந்து கடகட சத்தம் தொடர்ந்து வந்தால், அதற்குள் இருக்கும் ரீடிங் ஹெட் பழுதாகியிருக்கலாம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் சேதம் கூடும். டேட்டா உண்மையிலேயே முக்கியம் என்றால் அப்போதே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால், நீங்கள் எவ்வளவு குறைவாகக் கைவைத்தீர்களோ அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

டிஸ்க் நன்றாக ஓடினால், அதன் உடல்நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள் ‘குட்’, ‘காஷன்’, ‘பேட்’ என்று சொல்லிவிடும். ‘காஷன்’ என்று வந்தால் முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள். சினிமாவும் கேமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும்போது இரண்டு பழக்கம் போதும். கழற்றும் முன் ‘எஜெக்ட்’ கொடுங்கள். சுழலும் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நகர்த்தாதீர்கள். மடியில், கட்டில் விளிம்பில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மீட்டெடுத்த ஃபைல்களை அந்தக் கேஸிங்கிலேயே விட்டுவிட்டு “பேக்கப் இருக்கு” என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரே இடத்தில் இருப்பது பேக்கப் இல்லை. அது எட்டு, பத்து வருடம் ஓடிய டிஸ்க்காக இருந்தால் சொல்லவே வேண்டாம். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினித் துறையில் 3-2-1 என்று சொல்லும் இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் இப்போது போட்டோக்கள் புது லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று இருக்கின்றன. அதற்கு மேல் நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போட்டு ஓர் ஆல்பமாகவும் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். அதைத் திறக்க ரெக்கவரி கீ எதுவும் தேவையில்லை.